ஏழு இடம், ஒரு ஞாயிறு

தேனிப் பக்கம் ஒருநாள் சுற்றுலா என்றால் அதற்கென்று எழுதப்படாத பட்டியல் ஒன்று உண்டு. மதுரையிலிருந்து இருட்டோடு வேன் கிளம்பும். வைகை அணையில் காலைப் பலகாரம். வீரபாண்டியில் கௌமாரியம்மன், குச்சனூரில் சனீஸ்வரர், சின்னமனூரில் பூலாநந்தீஸ்வரர். சுருளி அருவியில் குளியல், கட்டுச்சோறு. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம். வெளிச்சம் மிச்சமிருந்தால் குமுளி ஏறி ஏலக்காயும் நேந்திரஞ் சிப்ஸும் வாங்கிக்கொண்டு, ராத்திரிக்குள் வீடு.

இந்த வேன்களில் அறுபதைத் தாண்டியவர்கள் கணிசமாக இருப்பார்கள். பல குடும்பங்களில் பயணமே அவர்களால்தான் கிளம்புகிறது. சனிப்பெயர்ச்சி வந்துவிட்டது, பேரனுக்காக வேண்டிக்கொண்டது பாக்கி இருக்கிறது, தை அமாவாசைக்குச் சுருளியில் முழுக வேண்டும் என்று யாரோ ஒரு அப்பத்தா ஆரம்பித்து வைத்ததுதான். ஆனால் பட்டியல் போடும்போது அந்த அப்பத்தாவின் முழங்கால் கணக்கில் வருவதில்லை.

இந்த வழக்கத்தை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனமில்லை. நம் ஊரில் மூத்தவர்களுக்கு இருக்கிற ஆகப்பெரிய வசதி சாய்தளமோ சக்கர நாற்காலியோ கிடையாது; கூட வருகிற ஆட்கள்தான். ஒரு பக்கம் மருமகள் கைபிடிக்க, இன்னொரு பக்கம் பேரன் தோள்கொடுக்க, கோயில் வாசற்படியைத் தாண்டிவிடும் பாட்டிகளை எந்தக் கோயிலிலும் பார்க்கலாம். பேருந்தில் இந்தச் சௌகரியம் இல்லை. அரசுப் பேருந்தின் முதல் படி உயரம், கூட்டம், நிற்கிற நேரம் எல்லாம் வயதானவருக்கு எதிராகவே இருக்கின்றன. வேன் நினைத்த இடத்தில் நிற்கும். செலவைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்வார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த வேனில் தாத்தா நோயாளியாகப் போவதில்லை, தாத்தாவாகப் போகிறார். பாட்டுப் போடச் சொல்கிறார், டிரைவரிடம் வழி சொல்லித் தகராறு செய்கிறார். வசதிகளெல்லாம் கச்சிதமாக அமைந்த பல பயணங்களில் இது கிடைக்காது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர் கிலோமீட்டரில் யோசிக்கிறார். தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம், நல்ல ரோடு. வண்டிக்கு அது சரி. எழுபது வயதுக்காரருக்கு உட்கார்ந்து போகிற நாற்பது கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. வேன் கதவிலிருந்து சன்னதி வரையிலான தூரம்தான் அவருடைய பயணம். வேனிலிருந்து கீழே கால்வைக்கும் உயரம், செருப்பைக் கழற்றியபின் சுடுகிற கல், பிடிக்கக் கம்பி இல்லாத மூன்று படி, வரிசையில் நிற்கிற முக்கால் மணி நேரம். ஏழு இடம் என்றால் ஏழு முறை இறங்கி ஏழு முறை ஏற வேண்டும். மூட்டுத் தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி. காலையில் உற்சாகமாகக் கிளம்பியவர் மூன்றாவது இடத்தில் சுணங்குவதும், ஐந்தாவது இடத்தில், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வண்டியிலயே இருக்கேன்" என்பதும் இதனால்தான். அவர் வேண்டாமென்று சொன்னதாக மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியல் அவரை வெளியே தள்ளியதாக யாரும் நினைப்பதில்லை.

சுருளியை எடுத்துக்கொள்வோம். மேகமலைப் பக்கமிருந்து இறங்கி வரும் இந்த அருவி குளிப்பதற்கு மட்டுமான இடமல்ல. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோருக்குத் திதி கொடுக்கச் சுற்றுவட்டாரமே இங்கு கூடுகிறது. யார் கொடுப்பார்கள்? பெற்றவர்களை இழந்தவர்கள், துணையை இழந்தவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். இந்த அருவிக்குக் கட்டாயம் போக வேண்டியவர்களும் போகச் சிரமப்படுகிறவர்களும் ஒரே ஆட்கள்தான். வண்டி நிற்கிற இடத்திலிருந்து அருவி வரை நடை இருக்கிறது. "இந்தா, பக்கத்துலதான்" என்பார்கள். அப்படிச் சொல்கிறவருக்கு முப்பது வயது. அருவியடியில் ஈரப்பாறை. வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் தெரிந்தாலோ வனத்துறை குளிக்கத் தடைபோடும். பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரையிலும் இதே கதைதான். பாதி வழி நடந்துவிட்டுத் தடையைக் கேள்விப்பட்டுத் திரும்புகிற ஏமாற்றம் இளையவர்களுக்கு ஒரு செல்பியோடு தீர்ந்துவிடும். தாத்தாவின் காலுக்கு அன்றைய பலம் அதோடு முடிந்துபோயிருக்கும்.

சுருளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. சுருளி இருக்கிற நாளில் வேறு எதையும் வைக்காதீர்கள் என்கிறேன். அமாவாசை கட்டாயமில்லை என்றால் வேலைநாள் காலையில் போகலாம். கிளம்புமுன் தண்ணீர் நிலவரம் விசாரிக்க வேண்டும். உள்ளே வண்டி விடுவார்களா என்று வாசலில் கேட்க வெட்கப்படக் கூடாது. அருவிக்கு நேர் கீழே போக முடியாதவருக்கு ஓடுகிற தண்ணீரில் கால் நனைக்க ஒரு சமதளம் பார்த்துக் கொடுத்தால் போதும். மேலே விழுந்த தண்ணீர்தானே அங்கேயும் ஓடுகிறது.

யாரும் பேசக் கூசுகிற விஷயம் கழிப்பறை. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் ஒரு வகை சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். வழியில் ஒதுங்க இடமிருக்காது என்ற பயத்தில், பயண நாளன்று அந்த மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிற பெண்கள் நிறையப் பேர். சிலர் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில், சர்க்கரையும் அழுத்தமும் உள்ள உடம்புக்கு இது விளையாட்டில்லை. ஆகவே பட்டியலில் முதலில் குறிக்க வேண்டியது உட்காரும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான். பெட்ரோல் பங்க், பெரிய உணவகம், விடுதி என்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று கண்டுவைத்துவிட்டு, பிறகு கோயில்களை அவற்றுக்கு நடுவே பொருத்தலாம். மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்பதை முந்தின வாரமே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். பெரியவர்கள் தாங்களாக நிறுத்தும்படி விடக் கூடாது.

நாள் பார்ப்பதிலும் நாம் தலைகீழாக நடக்கிறோம். குச்சனூருக்குச் சனிக்கிழமைதான் விசேஷம், அதிலும் ஆடிச் சனி. வீரபாண்டிக்குச் சித்திரைத் திருவிழா. எட்டு நாளும் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக முல்லையாற்றங்கரை கொள்ளாது. நேர்த்திக்கடன் உள்ளவர் அன்றுதான் போயாக வேண்டும், அது வேறு. சும்மா கும்பிடப் போகிற பெரியவரையும் அதே கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எதற்கு? ஒரு சாதாரணப் புதன்கிழமைக் காலையில் அதே அம்மன் முன்னால் அவர் ஆற அமர நிற்கலாம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் இந்தச் சாலையை நிறைத்துவிடும். நெரிசல் மிஞ்சும்போது கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடும் வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் "குமுளிக்கு ஒரு எட்டு" என்பதைத் தாராளமாக அடித்துவிடலாம்.

இந்தப் பட்டியலில் எனக்கு உள்ள பெரிய வருத்தம் வேறு. அது பள்ளத்தாக்கை மலைக்குப் போகும் வழியாகவே பார்க்கிறது. வேன் சின்னமனூரைக் கடந்ததும் இளவட்டங்களின் கண் மேகமலைக்குப் போய்விடும். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் அளவில் உயரம், குளிர், தேயிலை. அழகுதான். ஆனால் தலைசுற்றலும் வாந்தியும் உள்ளவருக்கு ஏற்றமும் இறக்கமும் இரண்டு தண்டனை. மேலே யாருக்காவது நெஞ்சு அடைத்தால் அத்தனை வளைவையும் இறங்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தேனிக்கும் அப்பால், ஆண்டிபட்டி சாலையில் க.விலக்கில் இருக்கிறது.

தரையிலோ, வயதானவர் பார்ப்பதற்கென்றே விரித்துவைத்தது மாதிரி ஊர் கிடக்கிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவே ஏறக்குறைய சமதளம், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைகிற வயல். பென்னிகுயிக் 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் பயனை அறிய அணைக்கே போக வேண்டியதில்லை. உத்தமபாளையம் பக்கம் வாய்க்கால் ஓரமாக வண்டியை நிறுத்தினால் போதும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரத்தில் திராட்சைப் பந்தல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுதான். வரப்பில் சக்கர நாற்காலி போகாது, உண்மை. சாலையை ஒட்டிய தோட்டமாகப் பார்த்து, கேட்டுக்கொண்டு, பந்தல் நிழலில் ஒரு நாற்காலி போட்டுவிட்டால் ஒரு விவசாயியின் அப்பாவுக்கு அரைநாள் போதாது. விளைச்சல், விலை, மருந்தடிப்பு என்று தோட்டக்காரரோடு பேச அவருக்கு ஆயிரம் இருக்கிறது. லோயர் கேம்ப் மணிமண்டபம்கூடப் பிரதான சாலையோரத்தில்தான், ஊசி வளைவுகள் தொடங்குமுன். பென்னிகுயிக் படத்தை வீட்டில் மாட்டி, பொங்கலுக்குக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் இவர்கள்; 2013-இல் திறந்த அந்த மண்டபத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு விரட்டப்படுவது அவர்களுக்கு நியாயமில்லை.

அரசாங்கம் செய்வது என்ன? இந்து சமய அறநிலையத்துறை மூத்த குடிமக்களை இலவசமாகக் காசிக்கும், 2024 தொடக்கத்திலிருந்து அறுபடை வீடுகளுக்கும் அழைத்துச் செல்கிறது. தனியாகச் செலவு செய்ய முடியாத ஏழைகளுக்கு இது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் வயது வரம்பு 60 முதல் 70 வரை. கூட்டிப்போகிறவர்களின் பயம் புரிகிறது. ஆயினும், சிரமம் உள்ளவர்களை விலக்கிவைத்துச் சிரமத்தைத் தீர்க்கிற வழி இது. எழுபத்தொன்றில் இருப்பவருக்கு அரசும் வேன்காரரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

கட்டடங்களுக்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது அளவு: மூன்றடி உயரம் ஏற முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். நாம் பல இடங்களில் காண்பது அதில் பாதி நீளத்தில் சிமெண்டு பூசிய சறுக்கு. அதில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்; இறக்க மூன்று ஆள். ஆக, மறுபடியும் பேரன்தான் சாய்தளம்.

ரயில் ஒரு நல்ல திருப்பம். மீட்டர் கேஜ் நிறுத்தப்பட்டுப் பன்னிரண்டு வருடம் போல் காத்திருந்த பிறகு, 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் அகலப் பாதை வந்தது. சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் இரவு ஏறினால் காலையில் இங்கே இறங்கலாம். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, கழிப்பறை பெட்டியிலேயே இருக்கிறது. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை மட்டும் 2020 மார்ச்சில் எடுத்தார்கள். ஓய்வூதியம் இல்லாத ஒரு முதியவருக்கு அந்தப் பணம் சின்னதில்லை.

இரண்டு நாள், தேனியிலேயே தரைத்தள அறை, ஒரு நாளைக்கு இரண்டு இடம், மதியம் கோயில் நடை சாத்துகிற நேரத்தில் தூக்கம்: என் யோசனை இவ்வளவுதான். வேனில் ஏற ஒரு மரமுக்காலி. இதிலும் ஓட்டை இருக்கிறது. இரட்டைச் செலவு. வாரத்துக்கு ஒரு ஞாயிறு மட்டுமே விடுமுறை உள்ள கடைச் சிப்பந்திக்கும் மில் தொழிலாளிக்கும் இரண்டாவது நாள் என்பது சம்பளப் பிடித்தம். அவர்களுடைய ஏழு இட அவசரம் ஆசையால் வந்ததில்லை, அடுத்த வேன் எந்த வருடமோ என்ற பயத்தால் வந்தது. அவர்களிடம் போய் நிதானத்தைப் போதிப்பது எளிது. அதே ஒரு நாளில் எந்த மூன்றை வைப்பது, எந்த நான்கை விடுவது என்று அப்பத்தாவையே முதலில் கேட்பதற்குக் காசு செலவில்லை.

கேட்டால் அவர் நம் கணக்குக்கு ஒத்துவராததைச் சொல்லக்கூடும். மங்கலதேவி கண்ணகி கோயில் என்பார். வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறக்கிற, மாநில எல்லை மலைமேல் உள்ள கோயில். கழிப்பறை, நிழல், கூட்டம், பாதை என்று நான் மேலே எழுதிய எந்த விதியையும் அது மதிக்காது. அப்போது பளியன்குடியிலிருந்து மலையேறும் நடைப்பாதையை மறந்துவிட வேண்டும். முதல் நாளே குமுளியில் தங்கி, விடியலில் புறப்படும் முதல் ஜீப்பில் முன்னிருக்கை பேசி, இடுப்புக்கு ஒரு தலையணையும் கூடவே தெம்பான ஆள் ஒருவரையும் வைத்து அனுப்பலாம். அந்தக் கரட்டுப் பாதையின் குலுக்கலை அவர் முதுகு தாங்குமா என்று மருத்துவர் சொல்லட்டும். போவதா வேண்டாமா என்பதை அப்பத்தா சொல்லட்டும்.