ரீமாஸ்டர் ராக்: சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டபோது

ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளில் ஒன்று ஒரு டெசிபெல் தூக்கலாக ஒலித்தால் போதும். பெரும்பாலான காதுகள் அதைச் ‘சத்தமாக இருக்கிறது’ என்று சொல்லாது, ‘தெளிவாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். ஆடியோஃபைல் ரீமாஸ்டர் வியாபாரத்தில் பாதி இந்த ஒரு டெசிபெலில்தான் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

நான் இருக்கும் மலேசியாவின் பெக்கோக்கில் இதைச் சோதிக்கப் பெரிய அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மடிக்கணினி, ஐம்பது வெள்ளிக்குள் வாங்கிய டாங்கிள், வயர் வைத்த மூடிய ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 மென்பொருள். அதிலுள்ள ரீப்ளேகெயின் இரண்டு பதிப்புகளின் ஒலியளவையும் அளந்து சமமாக்கிவிடும். ஏபிஎக்ஸ் என்ற துணைச்செயலி, ஒலிப்பது எந்தப் பதிப்பு என்பதை மறைத்துவிட்டு நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்லும். ஸ்பீக்கரை ஒதுக்கியதற்கு ஊர்தான் காரணம். தகரக் கூரையில் மழை இறங்கினாலோ ஸ்டேஷன் பக்கம் ரயில் போனாலோ எந்த எஞ்சினியரின் கைவண்ணமும் எடுபடாது.

முதலில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’. 1985 சிடியையும் 1996 ரீமாஸ்டரையும் அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டால் புதியது துள்ளிக்கொண்டு முன்னே வருகிறது. டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கிறது. சமமாக்கியதும் அந்தத் துள்ளலில் முக்கால்வாசி காணாமல் போனது. மிஞ்சிய வித்தியாசம், பாஸ் சற்றுக் கனமாக இருப்பது மட்டும். ரசனையைப் பொறுத்து அது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இந்த ஆல்பத்துக்கு எல்பி தேடி அலைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது டிஜிட்டல் நாடாவில் பதிவானது. தட்டில் இடம் போதாமல் பழைய எல்பியில் சில பாட்டுகளின் நீளத்தையும் குறைத்திருந்தார்கள். முழுப் பாட்டு அன்று சிடியில் இருந்தது.

ரஷ் குழுவின் ‘வேப்பர் ட்ரெயில்ஸ்’ கதை வேறு. 2002-இல் வந்த பதிப்பை அளவுக்கு மீறி நெரித்துவிட்டார்கள். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்தில் நின்று, சிம்பல் ஓசை கரகரக்கும். 2013-இல் டேவிட் பாட்ரில் தனித்தனி டிராக்குகளிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்தார். சத்தத்தைச் சமமாக்கிய பிறகும் ஏபிஎக்ஸில் இதை நொடியில் பிடித்துவிடலாம். பாஸ் கிட்டார் எங்கே நிற்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனால் இது ரீமாஸ்டர் இல்லை, ரீமிக்ஸ். ரீமாஸ்டர் செய்கிறவரிடம் இருப்பது கலந்து முடித்த இரண்டு சானல் மட்டுமே. அதிலேயே நெரிசல் இருந்தால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ 2008-இல் வந்தபோது, வீடியோ கேமில் சேர்த்த பதிப்பு சிடியைவிட நன்றாக ஒலித்ததாக ரசிகர்கள் கொதித்ததற்கு இதுதான் காரணம். கேமுக்குப் போனது நெரிபடாத டிராக்குகள்.

எஸ்ஹெச்எம், தங்க முலாம் என்று வட்டின் பொருளை வைத்து விற்பவற்றில் பேச அதிகமில்லை. மாஸ்டர் ஒன்றாக இருந்தால் கணினியில் ஏறும் பிட்டுகளும் ஒன்றே. அட்டை அழகாக இருக்கும்.

‘ஹை-ரெஸ்’ விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், எஸ்ஏசிடி போன்ற உயர்தர ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மறைத்துவைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 முறையில் 276 முறைதான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். 2022 ஜூலையில் இதைவிடச் சுவாரசியமான சோதனை தானாகவே நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் விலையுயர்ந்த எல்பிகள் பலவற்றுக்கு இடையில் டிஜிட்டல் நகலைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டது. ‘அனலாக் என்றால் இதுதான்’ என்று பல ஆண்டுகள் உருகியவர்களின் காது அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு இதில் நிறுவனத்தின் மேல் வரும் கோபத்தைவிட, அந்த டிஜிட்டல் நகலின் மேல் வரும் மதிப்புதான் அதிகம். எல்பிகள் நன்றாகத்தான் ஒலித்தன.

ஆகவே 1980-களின் சிடி பழைய கடையில் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். அதில் இரைச்சலோ தேய்ந்த நகலின் மந்தமோ இருந்தால் ரீமாஸ்டருக்குப் போகலாம். எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், யார் செய்தார்கள் என்று எழுதாத பதிப்புக்குக் கூடுதல் காசு வேண்டாம்.

இந்த நாட்டில் எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழுவின் பாட்டுகள். என்னிடமுள்ள தொகுப்புச் சிடியில், அந்தச் சகோதரர்களில் 2007-இல் மறைந்த லோகநாதனின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. மூல நாடாவிலிருந்து, நெரிக்காமல், செய்தவர் பெயரைப் பின்னட்டையில் போட்டு யாராவது கொண்டுவந்தால் நூறு வெள்ளி கொடுக்கத் தயார்.