நாற்பதில் நான்கை விட்டுக்கொடுக்கும் ரவுட்டர்

வீட்டு அகலப்பட்டை இணைப்பின் வேகம் என்று விளம்பரங்களில் குறிக்கப்படுவது, ஒரு வினாடியில் எத்தனை மெகாபிட் தரவு அவ்வழியே செல்லக்கூடும் என்னும் கொள்ளளவு மட்டுமே. வீட்டிலிருப்போர் வேகம் என்று உணர்வதோ, அனுப்பிய ஒரு சிறு தரவுப் பொட்டலம் மறுமுனைக்குச் சென்று பதிலோடு திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதையும், முன்னதைச் சற்றுக் குறைத்தாலன்றிப் பின்னது பல வீடுகளில் சீராகாது என்பதையும் ஆறு வாரப் பயன்பாட்டில் காட்டிய கருவி ஓப்பன்வர்ட் ஒன் என்னும் ரவுட்டர்.

கருவியின் உறுப்பு விவரங்கள் பலரும் அறிந்தவை: மீடியாடெக் ஃபிலாஜிக் 820 சில்லு, 1 ஜிபி நினைவகம், வைஃபை 6, வெளியானபோது மேலுறையோடு 89 டாலர் விலை. இவற்றில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. லிங்க்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மென்பொருள் மூலநிரலை 2003இல் வெளியிட நேர்ந்தபோது, அதிலிருந்து 2004இல் கிளைத்த ஓப்பன்வர்ட் என்னும் கட்டற்ற மென்பொருள், பிறர் செய்த பெட்டிகளிலேயே இருபது ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, 2024 நவம்பரில்தான் தனக்கென்று வடிவமைக்கப்பட்ட ஒரு பெட்டிக்குள் குடிபுகுந்தது. விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 10 டாலர் ஓப்பன்வர்ட் திட்டத்தின் நிதிக்குச் செல்கிறது. தவறான மென்பொருளை ஏற்றிப் பெட்டியைக் கெடுத்துக்கொண்டாலும் மீட்டெடுக்க வேறொரு சில்லில் மீட்பு மென்பொருளும் அதற்கொரு நிலைமாற்றியும் வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய நேர்மைக்காகவே இக்கருவியின் சில குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் அல்ல.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, வினாடிக்கு 40 மெகாபிட் கொள்ளளவுள்ள ஃபைபர் இணைப்பைக் கொண்ட ஓர் இரண்டடுக்கு வீடு. இரவு ஒன்பது மணியளவில் கைபேசிகள் சார்ஜரில் செருகப்படுகின்றன. செருகப்பட்டவுடன் அன்றைய படங்களையும் காணொளிகளையும் இணையக் கிடங்குக்கு ஏற்றத் தொடங்குகின்றன. அதே வேளையில் வளைகுடாவிலிருந்து வரும் காணொளி அழைப்பில் முகம் உறைந்து, குரல் துண்டு துண்டாகிறது. வீட்டார் இதனை "நெட் சுத்துது" என்று சொல்லி, இணையச் சேவையாளர் கொடுத்த வெள்ளைப் பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போடுகின்றனர். சற்று நேரத்துக்கு எல்லாம் சரியாகிவிடுகிறது. இந்த வைத்தியம் பலிப்பதற்கான காரணத்தில்தான் நோயின் இயல்பும் அடங்கியிருக்கிறது: பெட்டி அணைந்தபோது பழுது எதுவும் நீங்கவில்லை, அதற்குள் தேங்கி நின்ற வரிசைதான் கொட்டிப்போயிற்று.

அவ்வரிசை நிற்கும் இடத்துக்கு இடையகம் என்று பெயர். வேகமாக வரும் தரவு குறுகலான வழியில் நுழையுமுன் காத்திருப்பதற்காக ஒதுக்கப்பட்ட நினைவகமே அது. இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறை, ஏதேனும் ஒரு பொட்டலம் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், தொலைந்ததை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு வேகத்தைத் தணித்துக்கொள்ளும் இயல்புடையது. நினைவகம் மலிவானதால் பெட்டி செய்வோர் இடையகத்தைத் தாராளமாக அமைத்தனர். விளைவாகப் பொட்டலம் தொலைவதே அரிதாகி, அனுப்புவோருக்கு நெரிசல் தெரியாமல் போய், இடையகம் எப்போதும் நிரம்பியே நிற்கிறது. வினாடிக்கு 40 மெகாபிட் செல்லும் வழியில் இரண்டரை மெகாபைட் தரவு வரிசையில் நின்றால், கடைசியில் வந்து சேரும் பொட்டலம் அரை வினாடி காத்தாக வேண்டும். அந்தப் பொட்டலம் ஒரு குரலின் துண்டாக இருந்தால் அரை வினாடி கழித்து வந்து பயனில்லை. எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜிம் கெட்டிஸ், 2010இல் தம் வீட்டு இணைப்பில் கண்ட தாமதத்தைத் துருவிச் சென்று இதற்கு 'பஃபர்புளோட்', அதாவது இடையக வீக்கம், என்று பெயரிட்டார்.

இதற்கு மாற்றாக வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கோல்ஸும் 2012இல் முன்வைத்த கோடெல் என்னும் முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் குறையாமலே 100 மில்லிவினாடி நீடித்தால், ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே வீழ்த்தி, அனுப்புவோரைத் தணியச் செய்கிறது. 2018இல் லினக்ஸ் கருநிரலின் 4.19 பதிப்பில் சேர்ந்த கேக் என்னும் முறை இதே வழியில் சென்று, ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசையும், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் சம பங்கும் தருகிறது. கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்யும் வேலைக்கு இது மிக நெருங்கியது: பெரிய வயல்காரர் மடையை முழுநேரமும் பிடித்துக்கொள்ளாதபடி முறைவைத்துப் பாய்ச்சுபவர், ஒரு குடம் நீர் போதுமான நாற்றங்காலைக் காக்கவைக்காமல் முதலில் நனைத்துவிடுவார். படங்களை ஏற்றும் கைபேசி பெரிய வயல், காணொளி அழைப்பு நாற்றங்கால்.

ஆனால் மடை தன் கையில் இல்லாத நீர்க்கட்டியால் முறைவைக்க இயலாது. வரிசை சேர்வது வழியின் மிகக் குறுகிய இடத்தில். அந்த இடம் சேவையாளரின் பெட்டியிலோ அவருடைய நிலையத்திலோ இருக்கும்வரை, அதற்குப் பின்னால் வைக்கப்பட்ட ரவுட்டர் எவ்வளவு அறிவுள்ளதாயினும் வேடிக்கை பார்க்கவே முடியும். ஆகவே ரவுட்டரில் இணைப்பின் உண்மையான கொள்ளளவைவிடச் சற்றுக் குறைந்த எண்ணை வரம்பாக இட்டு, அதையே மிகக் குறுகிய இடமாக ஆக்க வேண்டும். சோதனை வீட்டில் கைபேசிகளையெல்லாம் துண்டித்துவிட்டு, கணினியைக் கேபிளால் இணைத்து அளந்தபோது கிடைத்த 40க்கு, இரு திசைகளிலும் 36 என்று வரம்பிடப்பட்டது. பதிவிறக்கத்தில் குறுகிய இடம் சேவையாளர் பக்கம் இருப்பதால், வந்து சேர்ந்த பிறகே கட்டுப்படுத்த முடிகிறது. எனவே அத்திசையில் பதினைந்து விழுக்காடு வரைகூட விட்டுக்கொடுக்க நேரலாம்.

விளைவு எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. படங்கள் ஏறிக்கொண்டிருக்கையில், பழைய பெட்டியில் அரை வினாடியைத் தொட்ட மறுமொழி நேரம், ஓப்பன்வர்ட் ஒன்னில் இருபது மில்லிவினாடியை ஒட்டியே நின்றது. அழைப்பு நடந்த அரை மணி நேரமும் கைபேசிகள் தம் வேலையை நிறுத்தவில்லை, அழைப்பில் இருந்தவர்கள் அதை அறியவுமில்லை.

இத்தனை மதிப்புள்ள வசதி, பெட்டியைத் திறந்தவுடன் கிடைப்பதில்லை என்பதே இக்கருவியின் மேல் எழும் முதற்சினம். கேக் முறையை இயக்கும் எஸ்க்யூஎம் என்னும் தொகுப்பைப் பயனரே தேடி நிறுவ வேண்டும்; நிறுவியபின் வரிசை முறை, இணைப்பு வகை, ஒவ்வொரு பொட்டலத்தோடும் சேரும் கூடுதல் சுமை எத்தனை பைட் என்பன போன்ற வினாக்களுக்கு விடை தர வேண்டும். கேக் முறையைத் தேர்ந்து, சுமையை 44 என்று இட்டால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இந்த ஒற்றை வரியை அமைப்புகளின் எந்தப் பக்கமும் பயனரிடம் நேராகச் சொல்வதில்லை. இதைவிட எரிச்சலூட்டுவது, வேறொரு பக்கத்தில் வேகத்தைக் கூட்டும் பாவனையில் அமர்ந்திருக்கும் 'ஃப்ளோ ஆஃப்லோடிங்' என்னும் தெரிவு: அதன் வன்பொருள் வகையை இயக்கினால் பொட்டலங்கள் வரிசை முறையைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போய்விட, அத்தனை ஏற்பாடும் ஓசையின்றி வீணாகிறது. கேபிள் துளைகள் இரண்டே இரண்டு. ஒன்று இணைய இணைப்புக்குப் போய்விட, தொலைக்காட்சியும் கணினியும் கேபிளில் இயங்கும் வீட்டுக்கு ஒரு ஸ்விட்ச் தனியே வாங்க வேண்டும்.

கருவியைக் குறை சொல்ல முடியாத தொல்லைகளும் உண்டு. வெள்ளைப் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது தரவைத் தொடாமல் கடத்திவிடும் நிலைக்கு, மாற்றினால்தான் புதிய ரவுட்டர் முழுப் பொறுப்பேற்கும். அதற்கு வேண்டிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேவையாளர் தம் பிடியில் வைத்திருப்பதால், சோதனை வீட்டில் அந்த ஒரு மாற்றத்துக்குப் பல தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன. அவ்வழைப்புகளின் பேரில் வந்த பணியாளர் ஸ்பீட் டெஸ்டை ஓடவிட்டு, 40 என்று காட்டிய முள்ளைச் சுட்டி, பழுதே இல்லை என்று கூறிவிட்டார். ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு நெரிசல் இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அந்தச் செயலியே 2022 முதல், சுமையின்போது மறுமொழி நேரம் எவ்வளவு என்பதையும் அளந்து காட்டுகிறது. ஆயினும் அது சிற்றெழுத்தில் ஒதுங்கி நிற்க, பேரெழுத்தில் நிற்கும் எண்ணைக் கொண்டே திட்டங்கள் விற்கப்படுகின்றன.

மாதத் தரவு வரம்பு முடிந்தபின் சேவையாளர் வேகத்தைச் சில மெகாபிட்டுக்கு இறக்கிவிடும் திட்டங்களில், 36 என்று இட்ட வரம்பு பொருளற்றதாகி, மடை மீண்டும் சேவையாளர் கைக்குப் போய்விடுகிறது. எண்ணைக் கையால் மாற்றும்வரை பழைய தடுமாற்றம் தொடரும். கேக் செய்யும் கணக்கீடு சில்லின் உழைப்பைக் கோருவது என்பதால், கிகாபிட் இணைப்புள்ளோர் இப்பெட்டியிலிருந்து அந்த முழு வேகத்தை எதிர்பார்க்கலாகாது. தடித்த செங்கற்சுவரும் கான்கிரீட் தளமும் தாண்டி மேல்மாடியில் சோரும் வைஃபைக்கு வரிசை முறை மருந்தன்று. ரவுட்டரை வீட்டின் நடுவில் வைப்பதும், அருகிலுள்ள கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுவதும், தொலைவிலுள்ளதற்குக் கேபிள் இழுப்பதுமே அங்கு வழி.

ஓப்பன்வர்ட்டை ஏற்கும் பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் இருந்தால், அதே மென்பொருளும் அதே கேக் முறையும் அதிலும் இலவசமாக இயங்கும். அத்தகையோர் புதிய பெட்டிக்குச் செலவிட வேண்டியதில்லை. மற்றவர்கள், 40ஐ 100 ஆக்கும் திட்டத்துக்கு மாறுமுன், ஒரு பெரிய காணொளியை ஏற்றவிட்டு அதே நேரத்தில் மறுமொழி நேரத்தை அளந்து பார்ப்பது நல்லது. அது சில மில்லிவினாடிகளே ஏறினால் இக்கருவி தேவையில்லை. நூற்றுக்கணக்கில் ஏறினால், மாதந்தோறும் கூடுதலாகக் கட்டவிருக்கும் பணம் இன்னும் அகலமான வழியை வாங்கித் தருமேயன்றி, அதன் வாயிலில் நிற்கும் வரிசையைக் கலைக்காது.