பட்டறைக்காரனுக்கு பிரேக் எங்கே?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடப் புதிதாக உட்காருகிறவர்கள் ஒரு பாத்திரத்தை எடைபோடக் கேட்கும் முதல் கேள்வி, “ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு டேமேஜ்?” என்பதுதான். போர்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் இது ஓரளவு பொருந்தும். கருவி செய்கிறவனான ஆர்டிஃபைசரிடம் இந்தக் கேள்வி செல்லாது. அவன் முறுக்கேற்றிக் கொடுத்த வாளால் வெட்டுகிறவன் வேறொருவன். அவன் பூட்டிய கவசத்தால் அடிவாங்காமல் தப்புகிறவள் இன்னொருத்தி. வரவெல்லாம் அடுத்தவர் கணக்கில் ஏறுகிறது. இப்படிப்பட்ட ஒரு கிளாஸ் (பாத்திர வகை) எல்லோரையும் ஓரங்கட்டிவிடாமலும், ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் எடுபிடியாகச் சுருங்கிவிடாமலும் எப்படி நிற்கிறது என்று பார்ப்பது தனி ருசி. அதற்கு ஒரு வழி உண்டு. அவனால் என்னென்ன முடியும் என்ற பட்டியலை வேகமாகத் தாண்டுங்கள். அவனை எங்கே நிறுத்துகிறார்கள், அந்த நிறுத்தத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில் கண் வையுங்கள்.

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். கீத் பேக்கர் உருவாக்கிய எபெரான் உலகத்தின் நூல் 2004-ல் வந்தது. அதில் இருந்த ஆர்டிஃபைசர் ஒரு மந்திரப் பொருளைச் செய்ய மூன்றைச் செலவழிக்க வேண்டும்: பொற்காசு, அனுபவப் புள்ளி, நாள். ஆயிரம் பொற்காசு மதிப்புக்கு ஒரு நாள் வேலை. அனுபவப் புள்ளிக்கென்று தனி இருப்பும் உண்டு. அதைச் செலவழிக்காமல் அடுத்த லெவலுக்குப் போனால் மிச்சம் காலாவதி. தாளில் பார்த்தால் கச்சிதமான கணக்கு. ஆனால் முக்கியமான இரண்டு பிரேக்குகளும் ஆட்டத்தை நடத்தும் டிஎம் காலடியில் இருந்தன. கதையில் ஒரு மாதம் ஓய்வும் கொஞ்சம் புதையலும் கிடைத்தால், அவன் தனக்கே தெரியாத மந்திரங்களுக்குக்கூடக் கோல் செய்து அடுக்கிக்கொண்டு வந்து நிற்பான். எதிரிகள் துரத்தத் துரத்த ஓடும் கதையாக இருந்தால் பட்டறை பக்கமே போக முடியாது. ஒரே கிளாஸ் ஒரு வீட்டு மேசையில் கடவுள், பக்கத்து வீட்டு மேசையில் சும்மா வந்தவன். இதைச் சமநிலை என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாம் பதிப்புக்காக 2017-ல் விட்ட சோதனை வடிவம் வேறு மாதிரி ஆசைப்பட்டது. ஆறாவது லெவலில் ஒரு பெரிய இயந்திர மிருகத்தையே வேலைக்காரனாகக் கொடுத்துவிட்டார்கள். மற்ற பெரும்பாலோருக்கு ஒரு உடம்பு, இவனுக்கு இரண்டு.

2019-ல் வந்து, மறு ஆண்டு டாஷா பெயரில் வந்த விதிநூலில் விரிந்த வடிவம்தான் நின்று பார்க்க வேண்டியது. காசு, நாள் என்ற பேச்சைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இன்ஃபியூஷன் என்ற பெயரில், சாதாரணப் பொருளுக்கு மந்திரம் ஏற்றுவதுதான் மையம். இரண்டாம் லெவலில் நான்கு வகை தெரியும், ஒரே நேரத்தில் இரண்டு பொருளுக்குத்தான் ஏற்றலாம். எல்லை மீறி இன்னொன்றுக்கு ஏற்றினால், முதலில் ஏற்றியது அந்த நொடியே வெறும் இரும்பாகிவிடும். டிஎம் கஞ்சனா வள்ளலா என்ற கவலை இல்லை. பிரேக் ஆர்டிஃபைசர் கைக்கே வந்துவிட்டது.

அந்த பிரேக் எவ்வளவு நுணுக்கமானது என்று அறிய ஓர் ஆறாம் லெவல் ஆளைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அரைத்தகட்டுக் கவசம், கேடயம், கொஞ்சம் சுறுசுறுப்பு எல்லாம் சேர்த்து அவனுடைய தற்காப்பு எண் 19. எதிரே ஓகர் என்ற ஓர் அரக்கன். இருபது முகப் பகடையில் விழுவதோடு 6 கூட்டிக்கொள்ளும். ஆகவே 13 அல்லது மேலே விழுந்தால் அடி விழும். இருபது முகத்தில் எட்டு முகம் ஓகர் பக்கம். இப்போது கவசத்துக்கு ஒரு இன்ஃபியூஷன், கேடயத்துக்கு ஒன்று. எண் 21. ஓகருக்கு மிஞ்சுவது ஆறு முகம். கேட்பதற்கு “வெறும் இரண்டு புள்ளி”. நடப்பில் வாங்கும் அடியில் கால்வாசி காணாமல் போகிறது. ஐந்தாம் பதிப்பில் எண்கள் மேலே மேலே ஏறிப் போகாதபடி கட்டிவைத்திருப்பதால்தான் ஒற்றைப் புள்ளிக்கு இந்த மவுசு. ஆனால் அந்த லெவலில் அவனுக்கு இருப்பதே மூன்று பொருள்தான். இரண்டைத் தன் மேலேயே போட்டுக்கொண்டால், வாளை நீட்டிக்கொண்டு நிற்கும் தோழர்களில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மேசையில் நடக்கும் அந்தப் பேரத்தைக் கேளுங்கள். விதிநூலில் எழுதாத ஆட்டம் அங்கேதான் நடக்கிறது.

ஏழாம் லெவலில் வரும் ‘ஃபிளாஷ் ஆஃப் ஜீனியஸ்’ இன்னொரு நல்ல வேலை. முப்பதடிக்குள் யாராவது தடுமாறினால், தன் அறிவுக்கான போனஸை அவர்களுடைய பகடையில் கூட்டிக் காப்பாற்றலாம். விலை, அந்த ரவுண்டின் ஒரே ஒரு ரியாக்‌ஷன். தன்மேல் விழும் அடியைத் தடுக்கும் ‘ஷீல்டு’ மந்திரம் இருந்தால் அதற்கும் அதே ரியாக்‌ஷன்தான் வேண்டும். தோழியா, தன் தோலா?

எல்லா இடமும் இப்படிக் கச்சிதம் என்று சொல்ல மாட்டேன். பதினோராம் லெவலில் ஒரு சிறிய மந்திரத்தை ஒரு பொருளுக்குள் அடைத்து யார் கையிலும் கொடுக்கலாம். அறிவு 20 என்றால் பத்து தடவை பயன்படும். சண்டைக்கு நடுவே இதற்குச் சரியான விலை உண்டு. போர்வீரன் அதை எடுத்துக் காயம் ஆற்றினால், அந்த லெவலில் அவனுக்குள்ள மூன்று வெட்டுகளை இழக்கிறான். சண்டை முடிந்த பிறகு? யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாமல், தடவைக்குச் சராசரி ஒன்பதரை என்று மொத்தம் 95 புள்ளி உயிர் இலவசம். இங்கே வடிவமைத்தவர்கள் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் வந்த இன்வெண்டர் (2021) பிரேக்கைப் பகடையிடமே கொடுத்துவிட்டது. தன் கருவியை வெடிக்கவிடுவது போன்ற ‘நிலையற்ற’ வேலை ஒன்றைச் செய்ததும் பகடை உருட்ட வேண்டும். 2021 விதியில் 17 அல்லது மேலே விழுந்தால் கருவி தாக்குப்பிடிக்கும். தவறினால் பழுது, உட்கார்ந்து பத்து நிமிடம் சரிசெய்யும்வரை அந்த வித்தை கிடையாது. 7 அல்லது கீழே என்றால் தனக்கே தீக்காயம். கருவி கையிலேயே வெடிக்கும் பைத்தியக்காரப் பொறியாளனின் குணமும் கணக்கும் ஒரே உருட்டலில் வந்துவிடுவது அழகு. சூதாட்டம் என்று பெயர்தான். ஐந்தில் ஒரு தடவைதான் தப்பும் என்னும்போது, சண்டைக்கு ஒரு முறை என்று நேராகவே எழுதியிருக்கலாம். இருந்தாலும் அந்தப் பகடை உருளும்போது மேசையே எட்டிப் பார்க்கிறது. நேராக எழுதியிருந்தால் அது கிடைக்காது.

மறுபடி அந்த 2019 ஆர்டிஃபைசர். இருபதாம் லெவலில் ஆறு மந்திரப் பொருள் வரை தன்னோடு பிணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஆபத்தைத் தாங்கும் பகடைகள் எல்லாவற்றிலும் ஒரு புள்ளி கூடும். உயிர் பூஜ்ஜியத்துக்கு விழும்போது, ஒரு இன்ஃபியூஷனை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளியோடு நிற்கவும் முடியும். ஆனால் அணைத்த பொருள் அந்த ஆறில் ஒன்றாக இருந்தால், அடுத்த பகடைக்கு ஆறுக்குப் பதில் ஐந்துதான் கூட்டலாம்.