திறந்த ஏடும் தேயிலை மலையும்

அறிவியல் ஆய்வுகள் எவர்க்கும் விலையின்றிக் கிடைத்தல் வேண்டும் என்னும் கோரிக்கை, 2002 ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் பிரகடனத்தோடு உலகளாவிய இயக்கமாக உருப்பெற்றது. உயிரியற்றுறையில் திறந்த சஞ்சிகைகள் அதன்பின் பெருகின. இவ்வியக்கத்தின் பயனை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஆய்வாளரையே வாசகராகக் கொள்வர். அம்மதிப்பீடு நிறைவானதா என்பதை அறிய மலையகம் தக்கதோர் உரைகல்லாகும்.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, செப்புச் சேர்ந்த காளான்கொல்லிகளே அதனைக் கட்டுப்படுத்தத் துணைநின்றன. ஆய்வு ஆங்கிலத்தில் துரைமாரைச் சென்றடைந்தது; தெளிக்கும் வேலையோ தமிழில், கட்டளையாக, தொழிலாளியிடம் வந்து சேர்ந்தது.

திறந்த வெளியீடு இந்நிலையை மாற்றிற்றா? வடமத்திய மாகாணத்தின் காரணமறியாச் சிறுநீரக நோயையும் கிளைபொசேற் என்னும் களைகொல்லியையும் தொடர்புபடுத்திய கட்டுரையொன்று 2014 இல் திறந்த சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. அது முன்வைத்தது ஒரு கருதுகோளையே; நிறுவப்பட்ட முடிவையன்று. 2015 இல் அக்களைகொல்லி நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டது. தெளிகருவியைத் தோளிற் சுமப்பவரின் உடல்நலத்தைத் தொட்ட விவாதம் இது. கட்டுரைக்கு விலையில்லை, ஆயினும் அது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பூட்டு அகன்றது, வாயில் அகலவில்லை.

பிறிதொரு குறையும் உண்டு. வாசகரிடம் பெறாத பணத்தைச் சஞ்சிகைகள் பல எழுதுவோரிடம் பெறுகின்றன. 2003 இல் தொடங்கிய பிளோஸ் பயோலொஜி ஒரு கட்டுரைக்கு 1500 டொலர் அறவிட்டது. வறிய நாடுகளுக்குச் சலுகைகள் உளவெனினும், வாசிக்கும் உரிமையைப் பெற்றவர் எழுதும் உரிமையை இழக்கும் அபாயம் நீங்கவில்லை. கட்டணம் அறவிடாது 2008 முதல் இணையவழி இயங்கிவரும் இலங்கைச் சஞ்சிகைத் தளம் இவ்வகையில் பாராட்டத்தக்கது.

ஆய்வின் நுட்பம் பாமரர்க்கு விளங்காது என்பர் சிலர். கருதுகோளுக்கும் முடிவுக்குமுள்ள வேறுபாட்டை உணர்த்த எளிய தமிழில் இரண்டு வாக்கியங்கள் போதும். ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் இணைத்தல் பெருஞ்செலவன்று. தோட்டத்து இல்லங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள உயிரியல் மாணவர் இப்பணிக்கு மிகவும் உரியர். அப்பக்கம் எழுதப்படும்வரை திறந்த வெளியீடு என்பது, கற்றோர் கற்றோர்க்குத் திறந்துவைத்த ஏடாகவே எஞ்சும்.