நிகழ்நிலையில் சட்டக் கல்வி: சாம்பல்தீவிலிருந்து ஒரு நோக்கு

சட்டத்தரணியொருவரின் கல்வி, அவர் உயர் நீதிமன்றத்திலே சத்தியப்பிரமாணம் செய்துகொள்ளும் நாளோடு நிறைவுறுகின்றது என்னும் எண்ணம் இலங்கையில் நீண்டகாலமாக வேரூன்றியதாகும். அதற்குப் பின் அவர் பெறுவது அனுபவம்; கல்வியன்று. இவ்வெண்ணம் தொழிலாளருக்கு வசதியானது. ஆயின் அவரை நாடி வருவோருக்கு அது அவ்வளவு வசதியானதன்று. மருத்துவர் புதிய மருந்தை அறிந்திராவிடின், நோய் மாறாமையைக் கொண்டு நோயாளி அதனை ஓரளவேனும் உய்த்துணர்வான். சட்டத்தரணி புதிய சட்டத்தை அறிந்திராவிடின், கட்சிக்காரன் அதனை உணர்வதற்கு வழியே இல்லை. வழக்குத் தோற்றபின் 'எங்கள் காலம் சரியில்லை' என்பதோடு அவன் அமைந்துவிடுகின்றான். தொழில்புரியும் சட்டத்தரணிகளுக்கான நிகழ்நிலைக் கற்கைகள் பற்றிய மதிப்பீடு எதுவும் இந்தக் கட்சிக்காரனை மையமாகக் கொண்டே அமைதல் வேண்டும். பெரும்பாலான மதிப்பீடுகளில் அவன் இடம்பெறுவதே இல்லை.

தொடர்சட்டக் கல்வியைத் தொழிலின் கட்டாய நிபந்தனையாக்கும் வழக்கம் அமெரிக்க மாநிலங்களிலேதான் முதலில் தோன்றியது. மினசோட்டாவும் அயோவாவும் 1975இல் இதனை விதித்தன. இங்கிலாந்தில் சொலிசிற்றர்கள் ஆண்டொன்றுக்கு 16 மணித்தியாலங்கள் கற்றமையைக் காட்ட வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் 2012 முதல் இளஞ் சட்டத்தரணிகளிலிருந்து தொடங்கிக் கட்டாயக் கற்கை நடைமுறைக்கு வந்தது. இவற்றிற்கெல்லாம் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு: கல்வி மணித்தியாலத்தால் அளக்கப்பட்டது. மணித்தியாலத்தை அளத்தல் எளிது. மனத்தில் நின்றதை அளத்தல் அரிது. நிகழ்நிலை வந்தபின் இக்குறை பெருகியதேயன்றிக் குறையவில்லை. மண்டபத்தில் உறங்குபவரை அயலில் இருப்பவரேனும் காண்பார். திரைக்கு முன்னால் பெயர் மட்டும் ஒளிர, அதற்குரியவர் நீதவான் நீதிமன்றிலே பிணைமனுவுக்குத் தோன்றிக்கொண்டிருக்கலாம். ஈற்றில் வரும் ஐந்தாறு பல்தேர்வு வினாக்களும் காவலாகா. இங்கிலாந்து 2016இல் மணிக்கணக்கைக் கைவிட்டு, தனக்கு வேண்டிய கல்வியாதெனச் சட்டத்தரணியே ஆராய்ந்து பெறும் முறைக்கு மாறியமை இவ்விடத்துக் கருதத்தக்கது. மணிக்கணக்கை நன்கு பழகிய நாடொன்றே அதில் நம்பிக்கையிழந்தது.

இலங்கையில் சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கிற்று. அப்புக்காத்து, பிறக்கிராசி என இருவகைப்பட்டிருந்த தொழிலை 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் ஒன்றாக்கியது. சட்டத்தரணி என்ற பெயர் அதன் பின்னரே அனைவருக்கும் பொதுவாயிற்று. இறுதிப் பரீட்சைக்குப் பின் ஆறு மாதங்கள் மூத்தவரொருவரிடம் பயிலுதல் வேண்டும். அதற்கு அப்பாற்பட்ட கல்வி பெரிதும் அவரவர் விருப்பத்தையும் வசதியையும் பொறுத்ததாகவே இருந்துவந்துள்ளது. நீதிபதிகளின் பயிற்சிக்கென 1985ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் தனி நிறுவகமே அமைக்கப்பட்டது. நீதிபதியின் முன் நின்று வாதிடுபவருக்கு அவ்வாறான ஏற்பாடு செய்யப்படாமை சற்று வியப்பானதே.

கருத்தரங்குகள் நடைபெறாமலில்லை. அவை பெரும்பாலும் கொழும்பிலே நடைபெற்றன. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒரு மாலைநேர விரிவுரைக்காக இரண்டு நாள் வழக்குகளைத் தவணையிட்டுச் செல்லும் மாவட்டச் சட்டத்தரணிகள் மிகச் சிலரே இருத்தல் கூடும். 2020இல் கொவிட் நோய்த்தொற்று மண்டபங்களை மூடியபோது விரிவுரைகள் 'சூம்' திரைக்கு மாறின. 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், வழக்கு விசாரணையையே தொலைத்தொடர்பு வழி நடத்துவதற்கு இடமளித்தது. தூரம் என்னும் தடை நீங்கிற்று என்று பலரும் மகிழ்ந்தனர். மகிழ்ச்சியில் நியாயமுண்டு, முழு நியாயமில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியபோது எந்த நிகழ்நிலை வகுப்பை யார் பார்த்திருப்பார் என்பது வேறு கதை.

நீங்காத தடைகள் எவையென அறிவதற்குத் திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி செல்லும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த சாம்பல்தீவைப் போன்ற ஒரு கிராமத்தின் காணிப் பிரச்சினைகளை நோக்குதல் பயனுடைத்து. 1983இன் பின்னர் திருகோணமலை மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்கள் பல ஒருமுறையன்று, பலமுறை பெயர்ந்தன. படகேறித் தமிழகம் சென்று முகாம்களில் வாழ்ந்தோரும் பலர். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியது. ஓடியவர் கையில் உறுதி இருந்தால் அலை அதனைக் கொண்டுபோயிற்று. அலைக்குத் தப்பிய உறுதியின் எல்லைகளோ பூவரச மரத்தையும் அடுத்தவர் வேலியையும் சாட்சியாகக் கொண்டவை. மரமும் இல்லை, வேலியும் இல்லை. திரும்பி வந்தவரின் வளவில் வேறொருவர் பத்தாண்டுக்கு மேலாகக் குடியிருக்கக் கண்டால் சட்டம் யாது கூறும்?

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரியவரின் உரிமையை ஏற்காது, தடையின்றிப் பத்தாண்டு காணியொன்றை ஆண்டுவந்தவர் ஆட்சியுரிமை பெறலாம். அமைதிக்கால விதி இது. உரியவர் அயலிலே இருந்தும் பேசாதிருந்தார் என்ற அனுமானத்தின் மீதே அது நிற்கின்றது. பேசுவதற்கு ஊரிலேயே இல்லாதவருக்கு அதனை ஏற்றிப் பார்ப்பது அநீதி என்பது காலந்தாழ்ந்தே உணரப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கிலே சேர்த்தலாகாது என விதித்தது. ஆனால் அச்சலுகையை வேண்டுபவர் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டாண்டுக்குள் வழக்கிடுதல் வேண்டும். இருபத்தாறு ஆண்டு இழப்புக்கு இரண்டாண்டு வாயில்.

இதிலே கற்பிக்கப்படவேண்டியவை எத்தனை! ஆயுதந் தாங்கிய பயங்கரவாதக் குழுவொன்றின் செயற்பாடுகள் காரணமாகத் தம் உரிமையைப் பேண முடியாதுபோனவரையே இச்சட்டம் பாதிக்கப்பட்டவராகக் கொள்கின்றது. இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி ஓடியவர் இச்சொற்களுள் அடங்குவரா? இரு தரப்பாருக்கும் அஞ்சி ஓடியவர் எந்தக் காரணத்தை முறைப்பாட்டிலே எழுதுவது? இடம்பெயர்வைக் காட்டுவதற்கு முகாம் பதிவு போதுமா, கிராம அலுவலரின் கடிதம் வேண்டுமா? மறுபுறத்தே குடியிருப்பவரும் பிறிதோரிடத்திலிருந்து விரட்டப்பட்டவராயின் நீதிமன்று எதனைச் சமன்செய்யும்? இவை தேர்வுத்தாள் வினாக்களல்ல. 2016 ஏப்ரிலுக்கும் 2018 ஏப்ரிலுக்கும் இடையில், இச்சட்டத்தை அறிந்திராத ஒரு சட்டத்தரணியிடம் சென்றவரும் அறிந்திருந்த ஒருவரிடம் சென்றவரும் இருவேறு முடிவுகளோடு வீடு திரும்பியிருப்பர். இரண்டாண்டின்பின் எத்தகைய சிறந்த விரிவுரையும் அந்தக் காணியை மீட்டுத் தராது. தொடர்கல்விக்குக் காலம் என்பது எத்துணை முக்கியமான அளவுகோல் என்பதை இது காட்டும். ஆண்டுக்கு இத்தனை மணித்தியாலம் என்ற கணக்கு, எந்த மாதத்தில் எந்தச் சட்டம் கற்பிக்கப்பட வேண்டும் என்பதைப் பற்றி வாய் திறப்பதேயில்லை.

இவ்வகையான சட்டங்கள் வேறும் உள. காணாமற்போனோரின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழை ஏற்க மறுத்து நின்றபோது, 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, இறந்தாரெனக் கூறாது காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சான்றுரைக்கும் பத்திரத்துக்கு வழி செய்யப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகளில் மூத்த மகனை முன்னிறுத்திய பின்னுரித்து ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தம்பதியர் சாம்பல்தீவிலே ஒரு வளவு வாங்கினாலும் தேசவழமை அவர்களைப் பின்தொடரும். மனைவி தன் காணியை விற்கும்போது கணவனின் சம்மதத்தை வேண்டி நிற்கும் விதியை அறியாத நொத்தாரிசு எழுதும் உறுதி பிற்காலத்தில் வழக்காகும். இதற்கு மாறாக, உலகெங்கும் நிகழ்நிலைக் கற்கைகளின் பட்டியல்களில் முன்வரிசை பெறுவன நடுத்தீர்ப்பு, தரவுப் பாதுகாப்பு, புலமைச் சொத்து முதலியன. அவை தேவையற்றனவல்ல. இலங்கையிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ளது. ஆயினும் கம்பனிகளுக்குத் தேவையான கல்விக்குச் சந்தை உண்டு. முகாமிலிருந்து திரும்பியவருக்குத் தேவையான கல்விக்குச் சந்தை இல்லை. திரை, சந்தை உள்ள கல்வியை மலிவாக்கிற்று. இல்லாத கல்வியை அது உண்டாக்கவில்லை.

அடுத்த தடை மொழி. அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவருகின்றன. முரண்பாடு நேரின் சிங்கள உரையே மேலோங்கும் என்பது ஏறத்தாழ ஒவ்வொரு சட்டத்தின் ஈற்றிலும் காணப்படும் வாசகம். சட்டத்துக்குப் பொருள் கூறும் மேனிலை நீதிமன்றுகளின் தீர்ப்புகளும் அவற்றைத் தாங்கிவரும் சட்ட அறிக்கைகளுமோ ஆங்கிலத்தில். ஆகவே திருகோணமலை மாவட்ட நீதிமன்றிலே வழக்காடுபவர் சட்டத்தைத் தமிழில் வாசித்து, அதன் விளக்கத்தை ஆங்கிலத்தில் தேடி, வாதத்தை மீண்டும் தமிழில் நிகழ்த்துகின்றார். இம்மூன்று படிகளில் எங்கும் வழுக்கலாம்.

சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்துவதற்கு 2020 இறுதியில் விதிகள் ஆக்கப்பட்டன. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவற்றை நிராகரித்தது. ஆங்கிலத்தை வேண்டியோரின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும்வரை ஆங்கிலம் அறியாத சட்டத்தரணி பிறர் கண்ணால் பார்ப்பவரே. ஆயினும் அவ்வாதம் நோயைக் கண்டு மருந்தை மாற்றிச் சொல்கின்றது. தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழிலே காலந்தோறும் விளக்கும் தொடர்கல்வி இருக்குமாயின், மாணவனைத் தாய்மொழியிலிருந்து பெயர்த்தெடுக்கும் தேவை பெரிதும் குறையும். நாடாளுமன்றம் தமிழ்வழிப் பரீட்சையைக் காத்தது. அப்பரீட்சையிற் சித்தியடைந்து வெளியேறுபவர் அடுத்த முப்பதாண்டு எந்த மொழியில் கற்பார் என்ற வினா அன்று எழுந்த வாதங்களின் நிழலிலே மறைந்துபோயிற்று.

தமிழகத்திலிருந்து வரும் ஒளிப்பதிவுகள் இக்குறையைத் தீர்க்கும் என்று கருதுவோர் உளர். ஓரெல்லை வரை அது உண்மை. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றியது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1860ஆம் ஆண்டு இந்தியக் கோவையின் வழிவந்தது. குறுக்கு விசாரணை பற்றிச் சென்னையிலே ஆற்றப்படும் நல்ல விரிவுரையொன்று திருகோணமலைக்கும் பயன்படக் காரணம் இதுவே. ஆனால் 2024 யூலை 1இல் இந்தியா இவ்விரு பழஞ் சட்டங்களையும் அகற்றிப் புதியனவற்றைக் கொணர்ந்தது. ஒரே பிரிவிலக்கத்தைச் சொல்லிப் பேசிய உறவு அன்றோடு அறுந்தது. காணிச் சட்டத்திலோ உறவே இல்லை. இலங்கையினது உரோமன்-டச்சு மரபு. சொற்களும் ஏமாற்றும். தமிழகத்து விரிவுரையாளர் 'உயர் நீதிமன்றம்' என்னும்போது இலங்கைச் செவி நாட்டின் ஆகவுயர்ந்த மன்றை நினைக்கும். அவர் கருதியது இங்கே மேல் நீதிமன்றம் எனப்படுவது. ஒரு தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்துமா இல்லையா என்பதே இச்சொல்லொன்றில் தங்கியிருத்தலை நினைத்தால், இதனை வெறும் வழக்குச்சொல் வேறுபாடென ஒதுக்க இயலாது.

கற்பிக்கும் முறை பற்றியும் கூறவேண்டியதுண்டு. மாவட்டச் சட்டத்தரணிகள் உண்மையிலே கற்றுவந்த இடம் நீதிமன்ற விறாந்தையாகும். வழக்கு அழைக்கப்படும்வரை அங்கே நிற்பவர்கள் ஒரு தீர்ப்பைப் பற்றி வாதிடுவர். மூத்தவர் இளையவரை மடக்குவார். சிலவேளை இளையவரும் மூத்தவரை மடக்குவார். கற்றது அங்கேயே சோதிக்கப்பட்டது. நிகழ்நிலை விரிவுரை இதனைத் தனிமைப்படுத்திவிட்டது. திரையிலே தோன்றும் குறிப்புகளை விரிவுரையாளர் வாசிக்க, கேட்பவர் தம்மளவிற் கேட்டு ஓய்கின்றார். வினா கேட்போர் பகுதி 'நேரம் போதாமையால்' சுருக்கப்படுகின்றது. விரிவுரைக்கு முன்பே உண்மையான வழக்கேடொன்று, பெயர்கள் நீக்கப்பட்டு, பங்குபற்றுவோருக்கு அனுப்பப்படுமாயின், கூட்டம் முழுவதும் அதன்மீதான வாதமாகவே அமையும். சட்டத்தரணிகள் சங்க அறையில் ஐவர் ஒரு திரையின் முன் கூடியிருந்து பார்ப்பது, ஐவரும் ஐந்து கைத்தொலைபேசிகளில் பார்ப்பதிலும் மேலானது. பெருஞ் செலவு எதுவும் இதற்கு வேண்டியதில்லை. திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடநூல்களைக் கொண்டு தொலைவிலுள்ளோருக்குச் சட்டம் கற்பித்த நாட்டில், தொலைக்கல்வி புதுமையும் அன்று.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சில பக்கங்களே கொண்டது. அதன் தமிழ் உரையை வரிவரியாக வாசித்து, மேலே எழுப்பப்பட்ட வினாக்களையும் ஆராய, திருகோணமலைச் சட்டத்தரணிகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.