உருவம் போனபின் பாடும் ரதி

பட்டிப்பொலயில் ரயிலைவிட்டு இறங்கினால் விடும் மூச்சே புகையாகத் தெரியும். ஏறக்குறைய 6,200 அடி; இலங்கையில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் கிடையாது. மாசி மாதத்து இரவில் இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தப்புப் பறையைத் தணலில் காய்ச்சுகிறார்கள் என்றால், காதல் தெய்வத்தின் கதையை ஆடும் காமன் கூத்துக்கு ஆயத்தம் என்று அர்த்தம். தோல் சூடேறினால்தான் தப்பு கணீரென்று பேசும்.

மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பிறகு பௌர்ணமி வரை ரதியும், அவள் கணவன் காமனாகிய மதனும், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஆடி வருவார்கள். ரதி வேடம் கட்டுபவரும் ஆண்தான். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் இரவில் வளையல் குலுங்கும்.

இந்திய மௌனப்படக் காலத்தின் தொடக்கமும் இப்படித்தான். இயக்குநர் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் (1913) தாராமதியாக வந்தவர் அண்ணா சாலுங்கே என்ற ஆண். அதற்குமுன் உணவகமொன்றில் சமையல் செய்தவர். குரல் அவரைக் காட்டிக்கொடுக்க வழியில்லை. நம் ரதிக்கு அந்த அடைக்கலம் இல்லை. நல்ல ரதி குரலை மெலிதாக்கிக் கொஞ்சமாட்டார். சொந்தக் குரலிலேயே பாடுவார். நடுச்சாமத்துக்குள் அது பெண்ணின் குரலாகவே நமக்குக் கேட்கத் தொடங்கிவிடும்.

  

நம் கூத்தின் உச்சம் தகனம் என்பார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, மதன் எரிய, கூட்டம் சிலிர்க்கும். என் மனம் அதற்குப் பிறகுதான் கூத்தில் இறங்கும். ரதியின் ஒப்பாரிக்கு இரங்கிய சிவன் மதனுக்கு உயிர் தருகிறார். ஆனால் அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஊரே கூடியிருக்க, ஒருத்தி மட்டும் காணும் காதலன்! இதைவிட ரகசியமான காதலை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. மௌனப்படத்தில் குரலில்லாத உருவம். இங்கே உருவமில்லாதவனை ஒரு குரல் தேடிப் போகிறது. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று லாவணிப் பாட்டில் இரு கட்சி கட்டி விடிய விடிய வாதாடுகிறார்களே, அந்த வழக்கு முழுவதும் அவள் பார்வையில்தான் இருக்கிறது.

ஒரு வருடம் நான் பார்த்த ரதி, பாடிக்கொண்டே அரை அடி விலகி நின்றார், பக்கத்தில் ஒருவர் நிற்க இடம் விடுவதுபோல. தப்பு தணிந்தது. எனக்கு முன்னால் இருந்த பாட்டி அந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

விழா மேடைகளுக்காக ஒரு மணி நேரமாகச் சுருக்கும்போது தீயோடு முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கூத்து. மாசியில் மலைக்கு வருகிறவர்கள் தீ அணைந்ததும் ரயிலுக்கு ஓடாதீர்கள். மூன்றாம் நாள் உயிரெழுப்பும்வரை இருந்து பாருங்கள்.