குவாட்டர்ஸ் சாவியும் பழைய டிரங்குப் பெட்டியும்

தோட்டத்து உத்தியோகத்தருக்கு ஓய்வு வருகிறபோதே வீடும் கைவிட்டுப் போகிறது. கிளாக்கர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், யாராக இருந்தாலும் குவாட்டர்ஸ் தோட்டத்துக்குச் சொந்தம்; சாவியைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். முப்பது நாற்பது வருஷமாக ஒரே கூரையின் கீழ் சேர்ந்ததெல்லாம் சில வாரங்களில் ஒரு லொறிக்குள் அடங்க வேண்டும். லொறி பதுளை டவுனில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் வத்தளையிலோ வெள்ளவத்தையிலோ மகன் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு. கட்டிலும் அலுமாரியும் தையல் மெஷினும் ஏறிய பிறகு முத்திரை அல்பத்துக்கும் பாட்டுப் புத்தகக் கட்டுக்கும் பழைய காசு டப்பாவுக்கும் எவ்வளவு இடம் மிஞ்சும்?

லயத்தில் இருக்கும் தொழிலாளர்களுக்கோ இந்தக் கேள்வி பிறந்த நாளிலிருந்தே உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் இடத்தில் ஒரு டிரங்குப் பெட்டியை வைத்துக்கொள்வதே பெரிய காரியம்.

ஆகவே ஊவா மாகாணத்தில் வயதான காலத்தில் சேகரிப்பைக் குறைப்பது புதுப் பழக்கமில்லை. புதிதாக வந்திருப்பது அதற்குக் கிடைத்திருக்கும் மரியாதை. சுவீடனைச் சேர்ந்த மார்கரெட்டா மக்னுசன் 2017இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். சாவதற்கு முன் தன் உடைமைகளைத் தானே ஒதுங்கவைத்துவிட வேண்டும், பிள்ளைகள் தலையில் அந்தச் சுமையைக் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். பெரிய சாமான்களில் தொடங்கு, கடிதங்களையும் படங்களையும் கடைசிக்கு வை என்றும் அவர் சொல்கிறார். கடிதத்தைக் கையில் எடுத்தால் வாசித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவோமாம். உண்மைதான். புத்தகம் உலகமெங்கும் விற்றது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அம்மா அப்பாவுக்கு இந்த மாதிரி யோசனை அனுப்பும் காலம் இது.

யோசனையில் நியாயம் இருக்கிறது. பதுளைப் பக்கம் அது இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் ஊரில் காகிதம் பூசணம் பிடிக்கும்; இராமபாணம் அல்பத்தைத் துளைக்கும். பூச்சியாவது மெதுவாகத்தான் தின்னும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியாபெத்தை லயங்களை மண் மூடியபோது ஆட்களோடு அடையாள அட்டையும் கல்யாணப் படமும் பள்ளிச் சான்றிதழும் சேர்ந்தே புதைந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை டவுன் எரிந்ததையும் மறந்துவிட முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்துப் பேரனுக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பது பாதுகாப்பே இல்லை. உயிரோடு இருக்கையிலேயே பிரித்துக் கொடுப்பவர் இந்த அளவில் கெட்டிக்காரர்தான்.

குறைப்பதில் தப்பில்லை. எதை முதலில் வெளியே அனுப்புகிறோம் என்பதில்தான் பழுது வருகிறது. விலை உள்ளது என்று நம்புவதை வைத்துக்கொள்கிறோம். விலையில்லாதது பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பிழை.

முத்திரையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளையிலிருந்து தலைமை ஆசிரியர் வரை எல்லோருக்கும் கைக்கெட்டிய பொழுதுபோக்கு அது. இலங்கையின் முதல் முத்திரை 1857இல் வந்தது; 1859இன் மங்கல் ரோஜா நிற நான்கு பென்ஸ் முத்திரைதான் இலங்கை முத்திரைகளில் மிக விலை கூடியது என்று எந்தச் சேகரிப்பாளரும் சொல்வார். அது எந்தக் குவாட்டர்ஸிலும் கிடைக்கப் போவதில்லை. அங்கே இருக்கும் அல்பத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் தலையோடு கொழுந்து பறிக்கும் பெண்களைக் காட்டும் 1930களின் 9 சத முத்திரை இருக்கலாம். தேயிலை நூற்றாண்டுக்கு 1967இல் வெளியிட்டவை இருக்கலாம். மீதி எல்லாம் இலட்சக்கணக்கில் அச்சான பிற்கால முத்திரைகளும் முதல் நாள் உறைகளும். ஓய்வுக்காலச் சேமிப்பு என்று எண்ணிக் கட்டிக்காத்த அல்பத்தை முத்திரை வியாபாரி புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் விலை, அல்பத்தின் விலைக்கே வராது.

அதே மனிதர் அந்த முத்திரையை எப்படிச் சேர்த்தார் என்று பாருங்கள். கடித உறையின் மூலையைக் கத்தரித்து, பீங்கான் கோப்பையில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பசை கழன்றதும் வழுக்கி வரும் முத்திரையை நகம் படாமல் எடுத்து, பத்திரிகைத் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, அல்பத்தில் ஒட்டினார். உறையைக் குப்பையில் போட்டார். அந்த உறையில் ஸ்பிரிங்வெலி என்றோ நமுனுகுல என்றோ தபால் சீல் வட்டமாக விழுந்திருந்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்ததையடுத்து, தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்ச் சேர்ந்த அண்ணன், பசறையிலிருக்கும் தம்பிக்கு எழுதிய கடிதத்தின் உறையாகவும் அது இருந்திருக்கலாம். அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, திகதி, வழியில் பட்ட சீல்கள் எல்லாம் அதில் உண்டு. ஒரு குடும்பம் இரண்டு நாடாகப் பிரிந்ததற்கு அரசாங்கக் கோப்புக்கு வெளியே உள்ள சாட்சி அது. முத்திரை உலகிலும் இப்போது கழற்றிய முத்திரையைவிட முழு உறைக்கே ஆட்கள் அலைகிறார்கள். காசுக் கணக்கிலும் சரித்திரக் கணக்கிலும் குப்பைக்குப் போனதுதான் பெறுமதியானது.

உலோகத்துக்கும் இதே கதிதான். கோப்பிக் காலத்தில் கம்பனிகளும் தோட்டங்களும் கூலிக்குப் பதில் தங்கள் பெயர் பொறித்த டோக்கன்களைக் கொடுத்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தென்னிந்தியாவில் ஆள் சேர்க்கப்போன கங்காணியின் கையில் தோட்டத்து இலக்கம் குத்திய டின் டிக்கெட்டுகள் இருந்தன. தொழிலாளி அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார். எந்தத் தோட்டத்துக் கணக்கில் அவர் பயணச் செலவு எழுதப்படவேண்டும் என்று அந்தத் தகரம் சொன்னது. பித்தளைக்காரரின் தராசில் இவற்றின் எடைக்கு ஒரு விலை. எல்ல பக்கம் வரும் வெள்ளைக்காரப் பயணி அதைவிடக் கூடக் கொடுப்பார். தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வைத்த எல்லைக் கோடு 1815 மார்ச் 2, கண்டி உடன்படிக்கை நாள். மலையகத் தமிழரின் வருகை 1820களில் தொடங்குகிறது. அந்த வரைவிலக்கணப்படி பார்த்தால், இந்த மக்கள் கையில் வைத்திருக்கும் எந்தப் பொருளும் தொல்பொருள் ஆகாது! இதைவிட நல்ல நகைச்சுவையை யாரும் திட்டமிட்டு எழுத முடியாது.

காகிதத்தில் மிக மெலிந்தது முதலில் போகும். தொழிற்சங்கப் பாடகி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடி விற்ற பாட்டுப் புத்தகங்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், நாடக நோட்டீஸ், கும்மி, சிந்து என்று சதக் கணக்கில் விற்றவற்றுக்கு முதுகுப்பட்டை கூட இல்லை, அலுமாரியில் நிற்காது. பதுளையில் பிறந்த மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட ‘கூலித் தமிழ்’ இப்படிப்பட்ட அரிய பிரசுரங்களை வைத்துக் கட்டிய ஆய்வு. ஆபிரகாம் ஜோசப்பின் 1869ஆம் ஆண்டுக் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அதில் பேசப்படுகிறது. கோப்பித் தோட்டத்துக் கும்மியைத் தேட லண்டன் நூலகத்துப் படியேற வேண்டியிருக்கிறது என்றால், இங்கே எத்தனை பேர் எத்தனை முறை வீடு ஒதுக்கியிருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

துரைமாருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகை பின்னர் கைமாறி, 1961 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. அந்தக் காலத்து நூலக அறையை இன்றும் பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வீடு நின்றதால் அலுமாரியும் நின்றது. வீடில்லாதவரின் சேகரிப்பு வேறு வழி தேடவேண்டும்.

வேறு வழிகள் எப்படிப் போயின என்பதற்குத் தமிழுலகில் உதாரணம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். ஏறக்குறைய ஒரு இலட்சம் நூல், இதழ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சேர்த்தவர். 1992இல் அவர் இறந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை உதிரியாகப் பிரிக்காமல் வாங்கியது; அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. அவர் வாழ்நாளில் குறைத்திருந்தால் இந்த நூலகம் இல்லை. மக்னுசன் அம்மையாருக்கு இது கொஞ்சம் சங்கடமான சாட்சி. ஆனால் சிகாகோ எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டாது. பிலிம் நியூஸ் ஆனந்தன் தம் சினிமாச் சேகரிப்பை உயிரோடிருக்கையிலேயே தமிழக அரசிடம் ஒப்படைத்தார். அவர் தொகுத்த திரைப்பட வரலாறு 2004இல் நூலானது. எந்தப் படம் எந்தப் படப்பிடிப்பில் எடுத்தது என்று சொல்ல ஆள் இருந்ததால் படங்களுக்கு அர்த்தம் நின்றது. எங்கள் நாட்டில் குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்தாண்டுக் கணக்கில் பத்திரிகை நறுக்குச் சேர்த்ததோடு நிற்காமல், கைக்காசைக் கொட்டி அவற்றை மைக்ரோபிலிமில் ஏற்றினார். மூவரில் ஊவாவுக்குப் பாடம் சொல்லக்கூடியவர் இவரே. பணக்காரப் பல்கலைக்கழகமோ அரசாங்கமோ வரும் என்று காத்திருக்காமல், மூலம் போனாலும் படி நிற்கட்டும் என்று வேலை செய்தவர்.

ஏனென்றால் கொடையிலும் ஓட்டை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்த மறுநாள் புத்தகம் பூட்டிய அலுமாரிக்குள் போகும். அதிபர் மாறினால் சாவி எங்கே என்று தெரியாது. பதிவேட்டில் ‘பழைய நூல்கள், 3 பெட்டி’ என்று ஒரு வரி இருக்கும். பெரிய நூலகத்துக்கே கொடுத்தாலும் ஒரே இடம் ஒரே ஆபத்துதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்ததில், நம்பிக் கொடுத்த தனியார் சேகரிப்புகளும் சாம்பலாயின. கொடுத்தவர்கள் செய்த பிழை எதுவும் இல்லை. வேறு படி இல்லாமல் போனதுதான் கெடுதல்.

இன்னொரு சங்கடமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பழைய கிளாக்கரின் பெட்டியில் இருக்கும் செக்ரோல் என்ற பேர்ப்பதிவும் கடன் பதிவேடும் உண்மையில் யாருடையவை? தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய காகிதத்துக்குப் பொறுப்பாளி யார் என்பது மங்கிப்போனது. கிளாக்கர் எடுத்து வைத்திருக்காவிட்டால் அது போயேவிட்டிருக்கும் என்பதும் சரி. அதில் இன்னும் ஊரில் இருக்கும் குடும்பங்களின் கடனும் அபராதமும் பெயரோடு எழுதியிருக்கிறது என்பதும் சரி. சமீப கால ஏடுகளை இணையத்தில் அப்படியே போட்டுவிடுவது சேவை ஆகாது. காப்பகத்தில் கொடுத்து, இத்தனை வருஷம் கழித்துத் திற என்று எழுதிவைக்கலாம்.

ஆகவே மக்னுசனின் வரிசையை ஊவாவில் தலைகீழாக மாற்ற வேண்டும். அங்கே கடைசிக்கு வைக்கச் சொன்ன கடிதத்தையும் படத்தையும் இங்கே முதலில் எடுக்க வேண்டும். வீசுவதற்கு அல்ல, படி எடுப்பதற்கு. படத்தின் பின்னால் பென்சிலால் பெயர், தோட்டம், டிவிஷன், வருஷம். பேனா வேண்டாம், மை ஊறும். டோக்கனோடு அது எந்தத் தோட்டத்தில் யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டு. உறையை உறையாகவே விடுவது. இதற்குப் பிறகு மூலத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக்கில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் காப்பகமும் இருக்கிறது. தொழிலாளியின் பக்கத்திலிருந்து பொருள் சேர்க்கும் இடம் அது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் ஏற்றி இலவசமாக வாசிக்க விடுகிறது. முத்திரை அல்பத்தைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், விற்றும் விடலாம், சரித்திரம் நஷ்டப்படாது.

குறை ஒன்று மிஞ்சுகிறது. கம்பளை பதுளையிலிருந்து தூரம். அறுபது வயதுக்காரர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறமாட்டார். ஊவாவுக்குள்ளேயே கொடுக்க ஓரிடம் வேண்டும். பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, பொது நூலகம் இருக்கிறது, பழைய தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்துக் காகிதத்துக்கு அவற்றில் ஒன்று ஓர் அறையும் ஒரு ஸ்கேனரும் பொறுப்பான ஒரு ஆளும் ஒதுக்கினால் போதும். மலையகத்தின் 200 ஆண்டை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்த சமூகம் இதையும் கேட்டு வாங்கலாம்.

அறை வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பதுளை ரயிலில் ஊர் திரும்பும் பிள்ளைகள், பலகாரம் சாப்பிட்ட பிறகு ஒரு மத்தியானத்தை ஒதுக்குங்கள். கட்டிலுக்கடியிலிருக்கும் பெட்டியை வெளியே இழுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் போனில் படமெடுத்து, இது யார், இது எந்தத் தோட்டம் என்று தாத்தாவைக் கேட்டு அவர் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். பழைய பேப்பர்காரரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.